கூத்துப் பழகும் காலத்தில் மனக்கசப்பு வராமல் இருக்க: பயனுள்ள குறிப்புகள்

வேளாண்மை வெட்டி நெல் வீடு சேர்ந்த பிறகு மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும் மத்தளச் சத்தம் கேட்கத் தொடங்கும். படுவான்கரையில் கன்னன்குடா, முனைக்காடு, மகிழடித்தீவு என்றும், எழுவான்கரையில் களுதாவளை, தேத்தாத்தீவு என்றும் ஊர்கள் வடமோடிக் கூத்தோ தென்மோடிக் கூத்தோ எடுத்துப் பழகும். வயலிலும் தோணியிலும் பகலெல்லாம் உழைத்த ஆட்கள் இரவில் கூடி, மாதக் கணக்கில் ஆடிப் பாடிப் பழகுகிறார்கள். ஒருவர் அரசன், ஒருவர் மந்திரி, ஒருவர் கட்டியகாரன். அத்தனை பேரும் ஒருவருக்கொருவர் மாமன், மச்சான், மருமகன். இப்படி ஓர் இடத்தில் மனத்தாங்கல் வருவது இயல்பு. அது வந்தால் ஒரு கூத்தோடு நிற்பதில்லை. கலியாண வீடு, செத்த வீடு வரைக்கும் போகும்.

அமெரிக்காவில் 1974 இல் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற ஆட்டம் வெளியானது. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி இருந்து ஆளுக்கொரு பாத்திரமாகப் பேச, ஒருவர் கதையை நடத்திக் கொண்டு போவார். இன்று உலகமெங்கும் ஆடப்படும் அந்த ஆட்டக்காரர்களுக்கும் இதே பிரச்சினைகள்தான்: நல்ல பாத்திரம் யாருக்கு, வராத ஆளை என்ன செய்வது, ஆட்டத்தில் பட்ட கோபத்தை வீட்டுக்குக் கொண்டு போகிறவரை எப்படிச் சமாளிப்பது. அவர்கள் ஐம்பது வருடத்தில் சில நல்ல வழக்கங்களை உண்டாக்கியிருக்கிறார்கள். நம்மிடம் அதைவிடப் பழைய வழக்கங்கள் இருக்கின்றன. இரண்டிலிருந்தும் எடுத்தவை கீழே உள்ளவை. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே எண்ணம்தான்: சண்டை வெடிப்பது ஆடுகளமான களரியில் என்றாலும், முன்கூட்டிப் பேசாமல் விட்ட விஷயத்தில்தான் அது முளைக்கிறது.

1. கதையைத் தீர்மானிக்கும் முன் ஆட்களை எண்ணுங்கள்.

‘பதினெட்டாம் போர்’ ஆட ஆசைப்படுவது எளிது. அதற்கு எத்தனை குரல், எத்தனை தேகம் வேண்டும் என்பதை முதலில் பாருங்கள். வடமோடிப் போர்க்கதை எடுத்தால் ஆட்டத்துக்குத் தாக்குப்பிடிக்கும் இளம் ஆட்கள் நிறைய வேண்டும். ஆட்கள் குறைவாக இருந்தால் சின்னக் கதையாக எடுங்கள். கதையைப் பொறுப்பாளரும் கூத்துப் பழக்கும் அண்ணாவியாரும் தனியே முடிவு செய்துவிட்டு அறிவிப்பதை விட, ஊர்க்கூட்டத்தில் இரண்டு மூன்று கதைகளை வைத்துப் பேசி முடிப்பது நல்லது. தான் சேர்ந்து தெரிந்தெடுத்த கதையை ஆள் இடையில் விட்டுப் போகமாட்டான்.

2. பழக்கம் தொடங்கும் முன் ஒரு நாள் பேச்சுக்கு மட்டும்.

மேசை ஆட்டக்காரர்கள் கதையைத் தொடங்கும் முன்னர் ஒரு முழு அமர்வைப் பேச்சுக்கென்றே ஒதுக்குகிறார்கள். அந்த நாளில் ஆட்டமே இல்லை. நாமும் அப்படி ஒரு மாலை ஒதுக்கலாம். அன்று கேட்க வேண்டியவை: கிழமையில் எந்தெந்த நாள் யாருக்கு ஏலாது? இரவில் வாவியில் வலை போடுகிறவர்கள் யார்? வீட்டில் சாதாரண தரம், உயர்தரம் எடுக்கும் பிள்ளை இருக்கிறதா? வெளிநாட்டு வேலைக்கு விசா பார்த்துக் கொண்டிருக்கிறவர் யார்? இதைச் சொல்ல வெட்கப்பட்டு, பாத்திரத்தை வாங்கிக் கொண்டு, அரங்கேற்றத்துக்கு ஒரு மாதம் இருக்கக் கட்டாருக்குப் போனவரால் உடைந்த கூத்துகள் உண்டு. போனதில் குற்றமில்லை. முதலிலேயே சொல்ல இடம் கொடுக்காததுதான் குற்றம்.

கேட்ட பதில்களை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். ‘நான் அப்பவே சொன்னேன்’ என்ற வார்த்தைக்கு அந்தக் கொப்பி ஒன்றுதான் மருந்து.

3. பாத்திரத்தைக் குரல் பார்த்துக் கொடுங்கள், குடி பார்த்து அல்ல.

கூத்தில் பாதிச் சண்டை இங்கேதான். கோயில் உரிமைகள் குடி வழியே போகும் ஊரில், அரச வேடமும் அந்த வழியே போக வேண்டும் என்று சிலர் நினைப்பார்கள். நிலக்காரப் போடியார் வீட்டுப் பிள்ளைக்குச் சேவகன் வேடமா என்று முகம் சுளிப்பவர்களும் இருப்பார்கள். இதற்கு இடம் கொடுத்தால் கூத்தும் கெடும், ஊரும் கெடும். என் கருத்தில் இதில் விட்டுக்கொடுப்பே கூடாது.

செய்ய வேண்டியது இது: எல்லாரையும் கூட்டி, ஒரே விருத்தத்தை ஆளாளாகப் பாடச் சொல்லுங்கள். ஒரே தாளக்கட்டுக்கு ஆடச் சொல்லுங்கள். எல்லார் முன்னும் நடக்கட்டும். குரல் எட்டுகிறதா, மூச்சு நிற்கிறதா, தாளம் பிடிபடுகிறதா என்பதை ஊரே கேட்கும். ஊரே கேட்ட பிறகு அண்ணாவியார் சொல்லும் தீர்ப்பை மறுக்க ஆளிருக்காது.

கிடைக்காதவருக்குக் காரணத்தைச் சபையில் சொல்லாதீர்கள். மறுநாள் காலையில் அவர் வீட்டுக்குப் போய், திண்ணையில் இருந்து சொல்லுங்கள். சொல்லும் விதமும் முக்கியம். “உனக்குக் குரல் காணாது” என்றால் அது காலத்துக்கும் நிற்கும். “மருமகன், கர்ணனுக்கு விடியுமட்டும் இழுக்கிற குரல் வேணும். உன்ர கால் நல்ல கால். உனக்குச் சண்டைத் தருவுள்ள வேடம் பாத்து வைச்சிருக்கன்” என்றால் அவர் மறுநாள் இரவே வந்து நிற்பார்.

கட்டியகாரனைச் சின்ன வேடம் என்று யாரும் நினைக்க விடாதீர்கள். களரிக்கு முதலில் வருகிறவர் அவர். சபையைக் கட்டிப்போடத் தெரிந்த ஆளுக்கே அந்த வேடம் சரிவரும் என்பதை அண்ணாவியார் தன் வாயால் எல்லார் முன்னிலும் சொல்லட்டும்.

4. ஒரு வேடத்துக்கு இரண்டு பேர்.

மன்னார், யாழ்ப்பாணக் கத்தோலிக்கக் கூத்துகளில் ஒரே அரசனை இரண்டு மூன்று பேர் பிரித்து ஆடும் வழக்கம் உண்டு. ஆசைப்படுகிறவர் பலர், பெரிய வேடம் சில என்றால் இந்த வழியை எடுங்கள். முன்னிரவுக்கு ஒருவர், பின்னிரவுக்கு ஒருவர். காய்ச்சல் வந்தாலும் கூத்து நிற்காது. ‘நான் இல்லாட்டி இவங்களால ஏலாது’ என்ற எண்ணமும் யாருக்கும் வளராது.

5. சட்டம் கொடுக்கும் நாளை வீணாக்காதீர்கள்.

ஒவ்வொருவருக்கும் அவரவர் பாட்டும் வசனமும் எழுதிய சட்டத்தைக் கோயில் முன்றலில் வைத்துக் கொடுப்பது நம் வழக்கம். வெற்றிலை பாக்கு வைத்து, பெரியவர்கள் முன்னிலையில் வாங்கிய சட்டத்தைப் பிறகு லேசில் கைவிட ஆளுக்கு மனம் வராது. ஆகவே குழுவின் விதிகளை அன்றே, சட்டம் கொடுக்கும் முன், உரக்க வாசியுங்கள்: எத்தனை மணிக்குத் தொடக்கம், எத்தனை நாள் வராவிட்டால் வேடம் மாறும், செலவு எப்படிப் பிரியும், குடித்துவிட்டு வந்தால் என்ன நடக்கும். அரைப் பக்கத்துக்கு மேல் வேண்டாம்.

சட்டத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். கைப்பேசியில் படமும் எடுத்து வையுங்கள். சட்டம் தொலைந்ததால் வருகிற சண்டை தவிர்க்கக் கூடிய சண்டை.

6. யார் சொல் எதில் கடைசிச் சொல் என்பதைப் பிரித்து வையுங்கள்.

பாட்டு, ஆட்டம், வேடம் ஆகியவற்றில் அண்ணாவியார். காசு, பந்தல், வெளிச்சம் ஆகியவற்றில் பொறுப்பாளர். கோயில் வீதி, நாள், நேரம் ஆகியவற்றில் கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர். ஏடு பார்ப்பவர் பாட்டு விட்டுப்போனால் எடுத்துக் கொடுக்கலாம், ஆட்டத்தைத் திருத்த வேண்டாம். பணம் கூடத் தந்தவருக்கு வேடத்தில் சொல் இல்லை என்பதை அவர் பணம் தரும் அன்றைக்கே, மரியாதையாகச் சொல்லிவிடுங்கள்.

7. திருத்துவதற்கும் ஒரு முறை உண்டு.

அண்ணாவியார் இளம் வயது, ஆடுகிறவர் மாமன் முறை என்றால் இருவருக்குமே சங்கடம். சபை நடுவே நிறுத்தித் திருத்த வேண்டாம். ஆட்டத்தை முடிக்க விட்டு, எல்லாரையும் சேர்த்து அந்த அடியை மறுகா ஒருமுறை ஆடச் சொன்னால் போதும். பிழை விட்டவருக்குத் தெரியும். சின்னப் பிள்ளைகளைத் திருத்தும்போதும் இதேதான். பிரம்பு எடுத்துப் பழக்கிய காலம் போய்விட்டது, அது போனது நல்லது.

8. பிந்தி வருகிறவருக்குத் தண்டனை சிறிதாகத் தொடங்கட்டும்.

எலினோர் ஒஸ்ட்ரம் என்ற அறிஞர் குளம், காடு, மீன்பிடி நீர்நிலை போன்ற பொதுச்சொத்துகளை ஊரார் தாங்களே எப்படிக் காப்பாற்றுகிறார்கள் என்று உலகின் பல பகுதிகளில் ஆராய்ந்தவர். 2009 இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றார். நீடித்து நிற்கும் ஊர்க்குழுக்களில் அவர் கண்ட இரண்டு குணங்கள் கூத்துக்கும் அப்படியே பொருந்தும். ஒன்று, விதி மீறியவருக்குத் தண்டனை படிப்படியாக ஏறுகிறது. மற்றது, பிணக்கைத் தீர்க்கும் இடம் பக்கத்திலேயே, செலவில்லாமல் கிடைக்கிறது.

முதல் நாள் பிந்தினால் ஒன்றும் சொல்ல வேண்டாம். இரண்டாம் முறை பொறுப்பாளர் தனியே கேட்கட்டும். மூன்றாம் முறை எல்லாருக்கும் பிளேன்ரி அவர் செலவு. அதற்கும் மேலே போனால்தான் வேடம் பற்றிய பேச்சு. முதல் நாளே ‘நாளைக்கு வராதே’ என்று சொன்ன குழுவில் மிச்ச ஆட்களும் பயத்தோடுதான் ஆடுவார்கள். பயந்தவன் குரல் எழும்பாது.

9. வேடத்தைக் களரியிலேயே கழற்றுங்கள்.

துரியோதனனாக நின்று மூன்று மாதம் ஒருவரை ஏசுகிறவருக்கு அந்த ஏச்சு நாக்கில் ஒட்டிக் கொள்ளும். வாங்கிக் கொண்டவருக்கு மனதில் ஒட்டும். மேசை ஆட்டக்காரரும் இதை அறிவார்கள். பாத்திரத்தின் உணர்ச்சி ஆளுக்குள் கசிவதை அவர்கள் ஓர் ஆபத்தாகவே எண்ணி, ஆட்டம் முடிந்ததும் பெயர் சொல்லி அழைத்து, பாத்திரத்தை விட்டு வெளியே வர நேரம் ஒதுக்குகிறார்கள்.

பாண்டிருப்புத் திரௌபதி அம்மன் கோயிலின் 18 நாள் சடங்கைப் பாருங்கள். ஊரவர்களே பாண்டவர்களாகவும் திரௌபதியாகவும் நிற்கிறார்கள். வனவாசம் போகிறார்கள், அருச்சுனன் தவம் செய்கிறார், கடைசியில் தீமிதிப்பு. அங்கே வேடம் ஏற்பதற்கும் ஒரு நாள் உண்டு, இறக்குவதற்கும் ஒரு நாள் உண்டு. இரண்டுக்கும் நடுவில் விரதம். எல்லை தெளிவாக இருப்பதால் மனம் குழம்புவதில்லை.

பழகும் நாட்களில் இவ்வளவு செய்தால் போதும்: சதங்கையைக் களரியை விட்டு இறங்கும் முன் கழற்றுங்கள். முகம் கால் கழுவுங்கள். எதிரியாக ஆடின இருவரும் அடுத்தடுத்து இருந்து தேத்தண்ணி குடியுங்கள். ‘மச்சான்’, ‘அண்ணே’ என்று முறை சொல்லி அழையுங்கள். வேடப் பெயரைச் சந்தியிலும் கடையிலும் கூப்பிடாதீர்கள். சகுனி வேடம் ஆடினவருடைய மகளைப் பள்ளிக்கூடத்தில் ‘சகுனிட மகள்’ என்று பிள்ளைகள் பழித்தால், அந்தக் கோபம் சரியாகக் களரிக்கே திரும்பி வரும்.

10. ஒருவரால் தாங்க முடியாத காட்சியை விட்டுவிட வழி வையுங்கள்.

அபிமன்யு சாகும் இடத்தில் தாய் புலம்பும் பாட்டு கூத்தில் மிகவும் உருக்கமானது. ஆனால் இது 1987, 1990, 1991 ஆம் ஆண்டுகளின் படுகொலைகளைக் கண்ட கரை. 2004 சுனாமி பிள்ளைகளை வாரிக்கொண்டு போன கரை. பாடுகிறவரும், பக்கப்பாட்டுக்காரரும், பார்த்திருக்கும் தாயும் எதை நினைப்பார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. சிலருக்கு அந்தப் பாட்டு அழுது ஆறுவதற்கு இடம். சிலருக்கு அது ஆறாத இடத்தில் கை வைப்பது.

ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் என்ற அமெரிக்க ஆட்ட அமைப்பாளர் ஓர் எளிய முறையை உண்டாக்கினார். ஒரு அட்டையில் பெருக்கல் குறி போட்டு மேசை நடுவே வைப்பார்கள். யாராவது அதைத் தொட்டால் அந்தக் காட்சி அங்கேயே விடப்படும். ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. அந்த ‘ஏன் கேட்காதே’ என்பதில்தான் அதன் பெறுமதி இருக்கிறது.

பழகும் இடத்தில் இதை வைக்க அட்டை வேண்டியதில்லை. ‘எனக்கு இந்த இடம் ஒண்ணா’ என்று ஒருவர் அண்ணாவியார் காதில் சொன்னால் அந்தப் பாட்டை இன்னொருவர் எடுக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்காக அவரைக் கோழை என்றோ வேடத்துக்கு ஆகாதவர் என்றோ யாரும் சொல்லக் கூடாது. இந்த விதியையும் சட்டம் கொடுக்கும் நாளிலேயே வாசித்துவிடுங்கள்.

பாட்டில் பெண்ணையோ ஒரு சாதியையோ இழிவுபடுத்தும் வரி வந்தால் அதையும் கூடிப் பேசுங்கள். மட்டக்களப்பின் சீலாமுனையில் அரங்கச் செயற்பாட்டாளர் சி. ஜெயசங்கர் ஊர்க்கூத்தரோடு சேர்ந்து செய்த கூத்து மீளுருவாக்கத்தில் இப்படியான இடங்களை ஆட்டக்காரரும் ஊராரும் இருந்து பேசியே மாற்றினார்கள். வெளியிலிருந்து ஒருவர் வந்து வெட்டினால் கோபம் வரும். ஆடுகிறவரே மாற்றினால் அது அவருடைய பாட்டாகிவிடும்.

11. கேலிக்கும் எல்லை போடுங்கள்.

இதற்கு நம்மிடம் உள்ள பெரிய பள்ளிக்கூடம் கொம்பு முறித்தல். கண்ணகி அம்மன் வழிபாட்டோடு சேர்ந்த இந்த விளையாட்டில் ஊர் வடசேரி, தென்சேரி என இரண்டாகப் பிரியும். வடசேரி கோவலன் பக்கம், தென்சேரி கண்ணகி பக்கம். வளைந்த இரண்டு கொம்புகளை ஒன்றில் ஒன்று மாட்டிக் கட்டி இழுப்பார்கள். எந்தப் பக்கத்துக் கொம்பு முறிகிறதோ அந்தப் பக்கம் தோற்றது. வென்றவர்கள் தோற்றவர்களை ஏளனம் செய்து பாடுவார்கள். தோற்றவர்கள் கேட்டுக் கொண்டு நிற்க வேண்டும். வி. சீ. கந்தையா 1964 இல் வெளியிட்ட ‘மட்டக்களப்புத் தமிழகம்’ நூலில் இந்த விளையாட்டு விரிவாக வருகிறது. சிங்கள ஊர்களில் பத்தினித் தெய்வத்துக்கு ஆடும் அங்கெலியவும் இதே போன்றது.

மதுரையை எரித்த கண்ணகியின் கோபத்தைத் தணிக்க ஆடுவது என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஒரு பெரிய கோபத்தைத் தணிக்க, ஊர் தனக்குள்ளே ஒரு சின்னச் சண்டையை விளையாட்டாக நடத்துகிறது. அதற்கு நாள் உண்டு, இடம் உண்டு, மேற்பார்க்கும் பெரியவர்கள் உண்டு. இந்த மூன்றும் தளர்ந்தால் கேலிப்பாட்டு உண்மையான கைகலப்பாக மாறும்.

கூத்துக் குழுவிலும் கேலி இருக்கத்தான் செய்யும், இருக்கவும் வேண்டும். ஆனால் ஆட்டத்தைக் கேலி செய்யலாம், ஆளை அல்ல. தடுக்கி விழுந்ததைச் சொல்லலாம், அவருடைய வறுமையை, நிறத்தை, வீட்டுப் பெண்களைச் சொல்லக் கூடாது. களரியில் தொடங்கிய கேலி களரியிலேயே முடிய வேண்டும். ஒருவர் சிரிப்பதை நிறுத்திவிட்டால் அதுவே அடையாளம், பேச்சை மாற்றுங்கள்.

12. வீட்டுக்காரியின் சம்மதத்தையும் கேளுங்கள்.

ஆடுகிறவர் இரவெல்லாம் வெளியே. விடிந்தால் வேலைக்குப் போக உடம்பு எழும்பாது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அவர் இல்லை. இந்தப் பாரத்தை எல்லாம் தாங்குகிறவர் மனைவியோ தாயோதான், ஆனால் குழுவில் அவருக்கு இடம் இருப்பதில்லை. கூத்தின் நடுவே ஆட்டக்காரர் நின்றுபோனால் பலவேளை உண்மையான காரணம் வீட்டில் இருக்கிறது.

பழகும் நாள் அட்டவணையை வீட்டுச் சுவரில் ஒட்டி வையுங்கள். கிழமையில் இரண்டு இரவாவது முழுதும் வீட்டுக்கென்று விடுங்கள். பொறுப்பாளர் தொடக்கத்திலேயே ஒவ்வொரு வீட்டுக்கும் போய் மனைவியிடமும் தாயிடமும் நேரில் சொல்லட்டும். உடுப்புத் தைப்பதிலும் மணி கோப்பதிலும் அவர்கள் கை இருக்கிறது என்பதை அரங்கேற்றத்தன்று பெயர் சொல்லி அறிவியுங்கள். பெண்கள் தாங்களே ஆட விரும்பினால் ஆடட்டும். பெண் வேடத்தையும் ஆணே கட்ட வேண்டும் என்பது பழைய வழக்கம், சட்டமல்ல.

13. இரவில் தனியே திரும்ப விடாதீர்கள்.

படுவான்கரை ஊர்களில் யானைத் தொல்லை உள்ள பாதைகளைக் கணக்கிலெடுங்கள். மண்முனைப் பாலம் 2014 இல் திறந்த பிறகு எழுவான்கரை ஆட்களாலும் இரவில் வந்து போக முடிகிறது, ஆனால் மோட்டார் சைக்கிளில் தூக்கக் கண்ணோடு போவது ஆபத்து. அயலூர் அண்ணாவியார் என்றால் அவருக்குப் படுக்க இடமும் சாப்பாடும் எந்த வீட்டில் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ‘யாரோ பாப்பாங்க’ என்று விட்ட ஓர் இரவு, அண்ணாவியாருக்கு வருடக்கணக்கில் மறக்காது.

14. கணக்கைச் சபையில் வாசியுங்கள்.

மாதம் ஒருமுறை, இரண்டு நிமிடம். வரவு, செலவு, கையிருப்பு. பற்றுச்சீட்டு கொப்பியில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். காசு வைத்திருப்பவரும் கணக்கு எழுதுபவரும் இரண்டு பேராக இருக்கட்டும்.

15. வாட்ஸ்அப் குழுவில் நேரமும் இடமும் மட்டும்.

பிழை சொல்வது, காரணம் கேட்பது, மன்னிப்புக் கேட்பது எதுவும் அங்கே வேண்டாம். இரவு பத்து மணிக்குப் பின் குரல்பதிவு அனுப்ப வேண்டாம். பழகும்போது எடுத்த வீடியோவை ஆடுகிறவர் சம்மதமில்லாமல் வெளியே விடக் கூடாது. லண்டனிலும் டொரொன்டோவிலும் இருக்கும் ஊரவர்கள் ஆசையோடு கேட்பார்கள். அரங்கேற்றம் முடியட்டும் என்று அன்போடு சொல்லுங்கள்.

16. நேரத்துக்காக வெட்டும்போது கவனம்.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960-களில் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ போன்றவற்றை மேடையேற்றியபோது, விடிய விடிய ஆடும் கூத்து இரண்டு மணி நேரத்துக்குள் வந்தது. வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியார் போன்ற ஊர்க் கலைஞர்கள் மாணவர்களுக்குப் பழக்கினார்கள். இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு பிறகு கூத்து ஆய்விலேயே பெரிய பெயர் பெற்றார்.

இன்றும் ஏதாவது விழாவுக்கு ‘ஒரு மணித்தியாலம்தான்’ என்று அழைப்பு வரும். யாருடைய வரவுப் பாட்டை வெட்டுவது? இங்கே தொடங்கும் மனவருத்தம் நீண்ட நாள் போகும். முழு வேடத்தையும் தூக்குவதை விட, எல்லார் பாட்டிலும் கொஞ்சம் கொஞ்சம் குறையுங்கள். ஒரு வேடத்தைத் தூக்கியே ஆக வேண்டும் என்றால் அந்த ஆளை அன்றைக்கு மத்தளத்துக்கோ சல்லரிக்கோ பக்கப்பாட்டுக்கோ கூட்டிப் போங்கள். வீட்டில் விட்டுப் போகாதீர்கள்.

17. சண்டை வந்துவிட்டால்.

அன்றிரவே தீர்க்கப் பார்க்காதீர்கள். தூக்கமில்லாத, குரல் காய்ந்த, சிலவேளை குடித்த ஆட்களிடம் நியாயம் பேச முடியாது. இருவரையும் வெவ்வேறு பாதையில் வீட்டுக்கு அனுப்புங்கள். ஆனால் மூன்று நாளைத் தாண்ட விடாதீர்கள். அதற்குள் ஊரில் கதை இரண்டாகக் கட்டப்பட்டுவிடும்.

இருவர் வீட்டிலும் வேண்டாம், மூன்றாவது இடத்தில் கூடுங்கள். சண்டைப்பட்ட ஒவ்வொருவரும் தனக்கு நம்பிக்கையான ஒருவரைச் சொல்லட்டும். அந்த இருவரும் சேர்ந்து மூன்றாம் ஆளைத் தெரிவு செய்யட்டும். இலங்கையின் மத்தியஸ்த சபைகளும் 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இந்த முறையில்தான் நடக்கின்றன.

முதலாமவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடக் கூடாது. பேசி முடிந்ததும் மற்றவர் தன் பதிலைச் சொல்லும் முன், கேட்டதைத் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும்: “நீங்க சொல்றது, சபையில வைச்சு நான் உங்களை நிறுத்தினது தப்பு எண்டு.” ‘ஓம், அதுதான்’ என்று முதலாமவர் ஒத்துக்கொண்ட பிறகுதான் பதில். இதைச் செய்து பாருங்கள். சண்டையின் பாதி இந்த இடத்திலேயே கரைந்துவிடும், ஏனென்றால் பாதிச் சண்டை கேட்டதைப் பிழையாக விளங்கிக் கொண்டது.

முடிவில் ‘இனி ஒற்றுமையாய் இருங்க’ என்று பொதுவாகச் சொல்லி அனுப்பாதீர்கள். நாளை இரவு யார் எங்கே நிற்பது, யார் யாரிடம் முதலில் பேசுவது, உடைந்த சாமானுக்கு யார் எவ்வளவு தருவது என்பதைச் சொல்லுங்கள். மன்னிப்பைச் சபையில் கேட்க வைப்பதா என்பதை அவமானப்பட்டவரிடம் கேட்டுத் தீர்மானியுங்கள். சிலருக்குத் தனியே கேட்டால் போதும்.

சொத்து, காசு பற்றிய பிணக்கு ஊரில் தீராவிட்டால் மத்தியஸ்த சபைக்கே போகலாம். கட்டணமில்லை, சட்டத்தரணியும் வேண்டியதில்லை. அடிதடி, மிரட்டல், பெண்பிள்ளைகளிடம் தப்பாக நடப்பது, சிறுவர்களைத் தொந்தரவு செய்வது போன்றவற்றைக் குழுவுக்குள் பேசி மூடிவிடக் கூடாது. அவை உடனே பொலிசுக்குப் போக வேண்டியவை. ஊர்ப்பெயர் கெடும் என்று மறைத்தால் பாதிக்கப்பட்ட பிள்ளை இரண்டாம் முறை பாதிக்கப்படும்.

18. பிரிந்தே தீருவோம் என்றால் ஒழுங்காகப் பிரியுங்கள்.

மத்தளம், சல்லரி, சதங்கை, முடி, கரப்புடுப்பு, ஏடு. இந்தப் பட்டியல் எப்போதும் எழுத்தில் இருக்க வேண்டும், எது கோயிலுடையது, எது குழுவுடையது, எது ஆளுடையது என்று. ஏட்டை இரண்டு தரப்பும் படியெடுத்துக் கொள்ளுங்கள். ஒரே ஊரில் இரண்டு கூத்து ஆடுவது கேவலமல்ல, நாட்களை மட்டும் மாற்றிப் போடுங்கள். மத்தளகாரர் இரண்டு பக்கமும் அடிக்கட்டும், அவரை எந்தப் பக்கம் என்று கேட்காதீர்கள். பிரிந்தவர்கள் திரும்பச் சேரும்போது வழி அனேகமாக அவரூடாகத்தான் வரும்.

19. வீட்டுக்கு வீடு ஆடப் போகும்போது.

அரங்கேற்றத்துக்குப் பின் வீட்டு முற்றங்களில் ஆடும் வழக்கத்தில், எந்த வீட்டையும் கோபத்தால் தாண்டிப் போகாதீர்கள். வரிசையை வீதி ஒழுங்கில் வையுங்கள், வசதி ஒழுங்கில் அல்ல. செத்த வீட்டுத் துடக்கு உள்ள வீட்டில் முன்னரே கேளுங்கள். கொடுப்பது பத்து ரூபாவானாலும் ஆயிரமானாலும் பாட்டின் நீளம் ஒன்றாக இருக்கட்டும். குழுவோடு மனத்தாங்கல் உள்ள வீட்டில் அந்த மனத்தாங்கலுக்குரிய ஆளே முன்னால் நின்று வரவு பாடட்டும்.

20. முடிந்த கிழமையிலேயே ஒரு கூட்டம்.

கடைசி வீட்டு ஆட்டம் முடிந்து ஏழு நாளுக்குள் எல்லாரும் கூடுங்கள். கடைசிக் கணக்கை வாசியுங்கள். உடுப்புகளை வெயிலில் உலர்த்திப் பூச்சி உருண்டை போட்டுப் பெட்டியில் வையுங்கள். மத்தளத்தைத் தரையில் வைக்காமல் ஈரமில்லாத இடத்தில் தொங்க விடுங்கள். கிழிந்தது, உடைந்தது என்ன என்று எழுதுங்கள். இந்த முறை வேடம் கிடைக்காமல் பக்கப்பாட்டில் நின்றவர்களின் பெயர்களைத் தனியே எழுதி, அடுத்த வருடக் கொப்பியின் முதல் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.